யந்திரத்தின் நாடி

சந்தையிற் குடம் வாங்கச் செல்லும் நம் தாய்மார், அதனை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தன்றி விலை பேசத் தொடங்குவதில்லை. கணீரென்று ஒலிப்பின் நன்று. மங்கி ஒலிப்பின், கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கேயோ உண்டென்று கருதி, அதனை ஒதுக்கி வேறொன்றை எடுப்பர். புகைவண்டி நிலையத்தில் வண்டி நிற்குஞ் சிறுபொழுதில், நீண்ட காம்புடைய சுத்தியாற் சக்கரங்களை ஒவ்வொன்றாய்த் தட்டிச் சென்ற ஊழியரும் இதனையே செய்தனர். ஆலைகளில் நெடுநாட் பழகிய மெக்கானிக், திருப்புளியின் நுனியை மோட்டாரின்மேல் ஊன்றி, அதன் பிடியைத் தம் காதோடு சேர்த்து, சற்றுநேரம் கண்ணை மூடி நின்று, 'இந்தப் பக்கத்துப் பேரிங்கு போய்விட்டது' என்று சொல்வதைக் கண்டோர் வியப்பர். பொருள்கள் தம் உள்ளிருக்கும் குறையை ஒலியாலும் அதிர்வாலும் வெளியிடுகின்றன என்பதும், கேட்கத் தெரிந்தவனுக்கு அது விளங்குமென்பதும் பழைய உண்மைகளே.

இவ்வாறு கேட்குந் தொழிலை இக்காலத்தில் மனிதன் காதினின்றும் வாங்கி, ஒரு சிறு கருவியினிடம் ஒப்புவித்து வருகின்றனர். தொழிற்சாலைகளில் 'சென்சார்' என வழங்கும் அதிர்வுணரி அது. கட்டைவிரல் அளவினதாய், யந்திரத்தின் பேரிங்கு அமைந்த இடத்தின்மேல் திருகப்பெற்று, இரவும் பகலும் ஓயாது அதன் நாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதனைக் குறித்து நம்மவரிடையே இருவகைப் பேச்சு எழுந்துள்ளது. ஒரு சாரார், இனி யந்திரம் பழுதுறுமென்ற அச்சமே இல்லை, பழகிய தொழிலாளியும் வேண்டியதில்லை என்கின்றனர். மற்றொரு சாரார், கையும் காதும் செய்யாத எதனை இக்கருவி செய்துவிடப் போகிறது என்று நகைக்கின்றனர். இருவர் கூற்றும் எனக்கு உடன்பாடன்று. கருவி மெய்யே சொல்லவல்லது. ஆயினும், அது சொன்னவுடன் யந்திரத்தை நிறுத்தும் உரிமை இன்னாருக்கு உண்டென்று முன்னரே வரையறுத்து வையாத இடத்தில், அக்கருவி இருந்தும் இல்லாததற்கு ஒப்பே. இதனை நான் வெறும் வாதமாகச் சொல்லவில்லை; எழுபத்தைந்து உயிர் போன ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே சொல்லப் புகுகின்றேன். அதற்கு முன், கருவியின் சொல்லை ஏன் நம்பலாம் என்பதைக் காட்டுதல் முறை.

சுழலும் பொருள் எதுவும் அதிராதிருப்பதில்லை. எத்துணை நுட்பமாகக் கடைந்தெடுத்த தண்டாயினும் அதன் எடை நடுவில் முற்றும் ஒத்து நிற்பதில்லை. மின்விசிறியின் இறகுகளுள் ஒன்று சிறிதே வளைந்திருப்பினும் விசிறி முழுவதும் ஆடுவதை விடுதி மாணவர் நன்கறிவர். அறியாதார் இருப்பின் அவர் புண்ணியஞ் செய்தவர். ஆகவே, அதிர்வு உண்டா என்பது கேள்வியன்று. எவ்வகை அதிர்வு, எவ்வளவு, நேற்றினும் இன்று மிகுந்ததா என்பனவே கேள்விகள்.

ஒவ்வொரு குறையும் தனக்கென ஒரு தாளம் உடையது என்பதே இத்துறையின் அழகு. எடை ஒருபுறம் சாய்ந்திருப்பின், தண்டு ஒருமுறை சுற்றுந்தோறும் ஒருமுறை அதிர்வு எழும். மோட்டாரின் தண்டும் அது சுழற்றும் பம்பின் தண்டும் ஒரே நேர்கோட்டில் இணையாவிடின், சுற்றொன்றுக்கு இருமுறை எழும் அதிர்வு பெரும்பாலும் மிகுந்து தோன்றும். பல்சக்கரங்களாயின், பல்லின் தொகையைச் சுற்றின் தொகையாற் பெருக்கிய எண்ணில் ஒலிக்கும். பேரிங்கின் கணக்கு இவற்றினும் சுவையுடையது. நிமிஷத்திற்கு 1,500 சுற்றுச் சுழலும் மோட்டார் ஒன்றைக் கொள்வோம். விநாடிக்கு 25 சுற்று ஆயிற்று. அதன் பேரிங்கில் 9 குண்டுகள் உள்ளன என்க. குண்டுகளைத் தாங்கும் கூடு, தண்டின் வேகத்திற் பத்தில் நான்கு பங்கு அளவான வேகத்துடன் சுற்றும். ஆதலின் வெளிவளையத்தில் ஓரிடத்தே சிறு குழி விழுந்திருப்பின், விநாடிக்கு ஏறக்குறைய 90 முறை குண்டுகள் அதன்மேல் ஏறி இறங்கும். குழி உள்வளையத்தில் இருப்பின் அவ்வெண் ஏறக்குறைய 135 ஆகும். யந்திரத்தைப் பிரியாமலே, அதனை நிறுத்தாமலே, பழுது உள்வளையத்திலா வெளிவளையத்திலா என்று ஒரு காகிதத்திற் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம் என்றால், நாடி பிடித்து வாதமோ பித்தமோ என்றுரைக்கும் வைத்தியரும் இதனைக் கண்டு சற்றே பொறாமை கொள்ளக்கூடும்.

இக்கருவியின் பூர்வ சரித்திரம் நீண்டது. சில பளிங்குகளை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னூட்டம் தோன்றுமென்பதைப் பியேர் கியூரி, ஜாக் கியூரி என்னும் சகோதரர் இருவரும் 1880-ஆம் ஆண்டிற் கண்டனர். அத்தகைய பளிங்குத் துண்டொன்றின்மேல் சிறியதோர் எடையை வைத்து உறைக்குள் அடைத்துவிட்டால், உறை அதிருந்தோறும் எடை பளிங்கை அழுத்தியும் தளர்த்தியும் மின்சார அலையை எழுப்பும். அவ்வலை பல தாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குழம்பிய கலவையாகவே வெளிவரும். எத்தகைய சிக்கலான அலையையும் எளிய அலைகளாகப் பிரித்துக் காட்டலாமென்னும் வழியைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பூரியே 1822-ஆம் ஆண்டில் வெளியிட்ட வெப்பத்தைப் பற்றிய நூலில் விரித்துரைத்தார். அவர் கணக்கைக் கம்ப்யூட்டர் மிக விரைவாகச் செய்து முடிக்கும் முறையை 1965-இல் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்டனர். வெப்பத்தின் ஓட்டத்தை ஆராய்ந்தவரின் கணிதம், நூற்றைம்பது ஆண்டு கழித்துப் பம்பின் பேரிங்குக்கு மருந்து சொல்லுமென்று அவரே எண்ணியிருக்க மாட்டார். இக்காலத்தில் மாணவர் சட்டைப்பையிற் கிடக்கும் கைப்பேசிக்குள்ளும் சிலிக்கானாற் செய்த அதிர்வுணரி ஒன்று உண்டு. நம் பௌதிகச் சோதனைச்சாலையில் தண்ணீர்ப் பம்பின்மேல் அதனை வைத்து, இணைப்பைத் தளர்த்துவதற்கு முன்னும் பின்னும் அலையை ஒப்பிட்டுப் பார்ப்பது, சோனாமீட்டரோடு மன்றாடுவதினும் பயனுள்ள பயிற்சி என்பது என் எண்ணம்.

காது இதனைச் செய்யாதோ எனின், ஓரளவு செய்யும். ஆயினும் பஞ்சாலையின் பேரிரைச்சலில் ஒரு பேரிங்கின் முனகலைப் பிரித்துக் கேட்பது அரிது. அவ்விரைச்சலில் நெடுநாள் உழைத்தவரின் செவியும் நாளடைவில் மந்தமாய்விடுகிறது. பேரிங்கின் முதற் குறிகள் விநாடிக்குப் பல்லாயிரம் அதிர்வுகளாய் எழுவன. அவற்றை விரல் உணராது. இவை எல்லாவற்றினும் முக்கியமானது நினைவு. சென்ற தை மாதத்தில் இந்த மோட்டார் எவ்வாறு ஒலித்தது என்பதைக் காது எண்ணாக வைத்துக்கொள்வதில்லை, கருவி வைத்துக்கொள்ளும். ஒரு நாள் எடுத்த அளவினும், பல நாள் அளவுகள் ஏறிவரும் போக்கே நமக்கு வேண்டியது.

யந்திரத்தைக் காலந்தவறாமல் கழற்றிப் பழுது பார்த்துவந்தால் போதாதா என்று கேட்போர் பலர். அவர்க்கு இரண்டாம் உலகப் போரில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவேன். பிரிட்டிஷ் விமானப்படையின் கரையோரப் பிரிவில், விமானங்களை இத்தனை மணி பறந்தபின் பிரித்துச் சோதித்தே தீரவேண்டுமென்ற விதி இருந்தது. கருவியல் ஆராய்ச்சியாளராகிய வாடிங்டனும் அவருடன் உழைத்தோரும் கணக்கெடுத்துப் பார்த்தபொழுது, சோதனை முடிந்த உடனேதான் பழுதுகள் மிகுந்து தோன்றுகின்றன என்பது வெளியாயிற்று. நன்றாயிருந்ததைக் கழற்றிப் பூட்டுவதே கேட்டுக்கு வித்தாயிற்று! பின்னர் 1978-இல் அமெரிக்க விமானக் கம்பெனியைச் சேர்ந்த நௌலான், ஹீப் என்போர் வெளியிட்ட அறிக்கையில், விமான உறுப்புகளுள் நூற்றுக்குப் பதினொன்றே வயதுக்கு வரம்பிட்டு மாற்றுவதாற் பயனடைவன என்று கண்டனர். எனவே நாட்காட்டியைப் பார்த்து யந்திரத்தைப் பிரிப்பதினும், யந்திரத்தின் நாடியைப் பார்த்துப் பிரிப்பதே அறிவுடைமை. அதிர்வு எவ்வளவு மிஞ்சினால் அபாயம் என்பதற்கும் அளவைகள் உண்டு. ராத்போன் என்பவர் 1939-இல் முதன்முதல் ஒரு வரைபடம் வகுத்தார். சர்வதேசத் தரநிர்ணயச் சபை 1998-இல் வெளியிட்ட அளவையின்படி, உறுதியான அஸ்திவாரத்தில் நிற்கும் நடுத்தர யந்திரத்திற்கு விநாடிக்கு 1.4 மில்லிமீட்டர் வரை புதியதன் இயல்பு, 2.8 வரை நெடுநாள் ஓட்டலாம், 4.5 வரை சிலகாலமே பொறுக்கலாம், அதற்குமேல் கேடு.

நிற்க. ருஷ்ய தேசத்துச் சைபீரியாவில், ககாசியாப் பகுதியில், யெனிசெய் ஆற்றின் குறுக்கே சயனோ-சுஷென்ஸ்காயா என்னும் பெரிய நீர்மின் நிலையம் உள்ளது. பத்து டர்பைன்கள், ஒவ்வொன்றும் 640 மெகாவாட். அந்நாட்டின் நீர்மின் நிலையங்களுள் இதுவே மிகப் பெரியது. இரண்டாம் எண் டர்பைன் 1979-இல் ஓடத் தொடங்கியது. அதற்கு விதித்த ஆயுள் முப்பது ஆண்டு. 2009-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச்சு வரை அதனைப் பழுது பார்த்து மீண்டும் ஓட்டினர். அதன்பின் அதன் அதிர்வு ஏறத் தொடங்கியது. ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதி முதல் ஆகஸ்டு 17-ஆம் தேதி வரை, டர்பைன் பேரிங்கின் அதிர்வு ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று என்று அரசாங்க விசாரணை அறிக்கை கூறுகிறது. நான்கு மாதம்! ஒரு பருவத் தேர்வுக்குரிய காலம் முழுவதும் அக்கருவி ஏறுமுகமாகவே எழுதிக்கொண்டிருந்தது.

ஆகஸ்டு 16-ஆம் தேதி பிராட்ஸ்க் என்னும் வேறொரு மின் நிலையத்தில் தீப்பற்றியது. மின்தேவைக்கேற்பச் சுமையை ஏற்றியும் இறக்கியும் சமன் செய்யும் வேலை அங்கிருந்து இந்நிலையத்தின்மேல் விழுந்தது. அன்றிரவே இரண்டாம் எண் டர்பைனும் அவ்வேலைக்கு விடப்பட்டது. இவ்வகை டர்பைன்களுக்கு நடுச்சுமையில் ஓரெல்லை உண்டு. அவ்வெல்லைக்குள் ஓட்டினால் நீர் சுழித்து யந்திரம் பெரிதும் அதிரும். ஆகையால் அங்கே நிற்றலாகாது என்பது விதி. சுமை ஏறி இறங்கும்பொழுதெல்லாம் அவ்வெல்லையைக் கடந்தே போகவேண்டியிருந்தது. மறுநாட் காலை எட்டு மணிக்குப் பேரிங்கின் அதிர்வு 0.6 மில்லிமீட்டர், அடுத்த பதின்மூன்று நிமிஷத்துக்குள் 0.84. அனுமதித்த அளவோ 0.16 மில்லிமீட்டர், இரண்டு தலைமயிரின் கனமே இருக்கும். காலை 8.13-க்கு டர்பைனின் மூடியைப் பிடித்திருந்த மரையாணிகள் அற்றன. இருநூறு மீட்டர் உயரத்திற்குமேல் நின்ற நீர் கீழிருந்து உந்த, நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள சுழலுறுப்பு தன் குழியினின்றும் மேலெழும்பி வீழ்ந்தது. யந்திரசாலை வெள்ளக்காடாயிற்று, மின்சாரம் அற்றது, மேலே அணையின் கதவுகளை ஊழியர் கையாலேயே இறக்க வேண்டியிருந்தது. அதற்குள் ஒரு மணிக்கு மேலாயிற்று. இறந்தவர் எழுபத்தைந்து பேர்.

பின்னர் அம்மரையாணிகளை எடுத்து ஆராய்ந்தனர். மொத்தம் 80, ஒவ்வொன்றும் 80 மில்லிமீட்டர் பருமன். ஆராய்ந்த 49 ஆணிகளுள் 41-இல் உலோகச் சோர்வினால் எழுந்த விரிசல் காணப்பட்டது. எட்டு ஆணிகளில் அவ்விரிசல் குறுக்குப் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற் பரவியிருந்தது. ஆறு ஆணிகளில் நட்டே இருந்ததற்கு அடையாளமில்லை. சந்தையில் குடத்தைத் தட்டிப் பார்க்கும் கிழவிக்கு இருந்த எச்சரிக்கை அங்கே எவருக்கும் இல்லாமற் போயிற்றே என்று நெஞ்சு பொறுக்கவில்லை. ஆனால் அறிக்கையில் என்னைப் பெரிதும் வருத்திய வரி வேறு. இடைவிடாது அதிர்வைக் கண்காணிக்கும் ஏற்பாடொன்று அந்த டர்பைனில் அவ்வாண்டே அமைக்கப்பட்டிருந்தது. ஆயினும் அது முறைப்படி உபயோகத்திற்குக் கொண்டுவரப்படவில்லை. ஊழியரோ தலைவர்களோ தம் முடிவுகளில் அதனைக் கருதவும் இல்லை. நாடியைப் பார்க்க வைத்தியரை வீட்டிற்கு அழைத்துத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, அவர் சொல்வதைக் கேட்பாரின்றி உள்ளே சமையல் நடந்தது போலாயிற்று.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. மிகுந்த அதிர்வைக் காட்டிய அந்த உணரியே கெட்டுப்போனது, யந்திரம் நின்றிருந்தபொழுதும் அது பெரிய எண்ணைக் காட்டிற்று, ஏனைய உணரிகள் அத்தகைய ஏற்றத்தைக் காட்டவில்லை என்று பிற்காலத்தில் நிபுணர் சிலர் வாதித்தனர். அவ்வாறே இருக்கட்டும். அதனால் என் கருத்து வலுப்பெறுகிறதேயன்றி மெலியவில்லை. கெட்ட உணரியென்று தெரிந்திருந்தால் அதனை மாற்றாமல் விட்டது ஏன்? பொய்யுரைப்பதென்று பெயரெடுத்த கருவி ஒன்று சுவரிலே தொங்குவது, கருவியே இல்லாமையினும் தீது. அது நாள்தோறும் அபாயமென்று கூவ, ஊழியர் நாள்தோறும் அதனைப் புறக்கணிக்கப் பழகுவர். மெய்யான அபாயம் வந்த நாளிலும் அப்பழக்கமே வெல்லும். ஆகவேதான் பெரிய யந்திரங்களில் ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று உணரிகளை வைத்து, அவற்றுட் பெரும்பான்மை ஒத்துச் சொன்னால் யந்திரம் தானே நிற்கும்படி அமைக்கின்றனர். ஒன்று பிழைத்தாலும் மற்றவை காக்கும்; வீணாக நிறுத்துவதும் குறையும்.

தொழிலாளி இனி வேண்டாமென்பார்க்கும் ஒரு சொல். 90 என்ற எண்ணில் அலை உயர்ந்ததென்று கருவி சொல்லும். நேற்று மாலை பெல்ட்டு மாற்றப்பட்டது, காலையில் வேறுவகைப் பஞ்சு போட்டனர், அஸ்திவாரத்தின் அருகே மழைநீர் தேங்கிற்று என்பன கருவிக்குத் தெரியாது. அங்கே நிற்பவருக்கே தெரியும். திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்ட அந்த மெக்கானிக்கை நீக்கிவிட்டு அவர் இடத்தில் உணரியை வைப்போர், இரண்டு சாட்சிகளுள் ஒருவரை விரட்டிவிட்டு வழக்கை நடத்துவோரே. உணரியின் படத்தை அவரிடங் காட்டி, அவர் சொல்வதையும் எழுதி வைத்தல் வேண்டும். அவர் 'நிறுத்துக' என்றால், மேலதிகாரியைத் தேடி மாடிப்படி ஏறாமலே நிறுத்தும் அதிகாரமும் அவருக்கு இருத்தல் வேண்டும். வீணாக நிறுத்தினாரென்று பின்னர்த் தெரியவந்தாலும் அதற்காக அவர் கூலியிற் பிடித்தம் செய்தலாகாது. ஒருமுறை பிடித்தால், அடுத்தமுறை அவர் வாய் திறவார்.

நம் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் பலர் ஆலைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் செல்கின்றனர். பழைய மாணவருட் சிலர் அவற்றை நடத்தும் நிலையிலும் உள்ளனர். அவர்களைக் கேட்டுக்கொள்வது இது. புதிய யந்திரம் நல்ல நிலையில் ஓடும் முதல் வாரத்திலேயே அதன் அதிர்வை எழுதி வையுங்கள். அந்த முதற்குறிப்பு இன்றேல், பிற்காலத்து எண்களை எதனோடு ஒப்பிடுவது? எந்த எண்ணில் எச்சரிக்கை, எந்த எண்ணில் நிறுத்தம், நிறுத்துபவர் யார் என்பவற்றை யந்திரத்தின் அருகிலேயே, தமிழில், எவரும் படிக்கும்படி எழுதி ஒட்டுங்கள். இராப்பணியில் மேலதிகாரி உறங்கும் வேளைக்கும் அவ்விதி பொருந்துமாறு செய்யுங்கள்.

நிறுத்தினால் உற்பத்தி கெடுமே, நட்டத்தை யார் தாங்குவது என்று முதலாளிகள் கேட்பர். கேட்பது நியாயமே, நட்டம் உண்டு. ஆனால் கணக்கை இருபுறமும் எழுதவேண்டும். சைபீரியாவில் அந்த ஒரு டர்பைனை முன்னரே நிறுத்தி, மூடியின் மரையாணிகளைப் பார்த்திருந்தால், மற்றவை ஓடிக்கொண்டிருக்க, சில வாரத்து மின்சாரமே குறைந்திருக்கும். நிறுத்தாமையால் நிலையம் முழுவதும் ஒரே காலையில் நின்றது. அந்நிலையத்தைப் புதுப்பித்து முடிக்க 2014-ஆம் ஆண்டு நவம்பர் ஆயிற்று. கடைசியாக ஓடத் தொடங்கியது இரண்டாம் எண்.